கையில் சுற்றாத கயிறு

குதிரையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் பயத்துக்கு இதுவா மருந்து?

எங்கள் ஊர் மம்சாபுரம். பள்ளி முடித்த வருடம், கல்யாண வீட்டுக்குப் போன வேன் ராஜபாளையம் பக்கத்தில் கவிழ்ந்தது. எனக்குக் கை முறிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சிநேகிதி இறந்துபோனாள். கை கூடிவிட்டது. ஆனால் ஹாரன் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வேன். பஸ் படியில் கால் வைக்க முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது.

"பஸ்ஸு ஏற ஏலலைன்னா வீட்டுல இருந்தே தபால்ல படி," என்றாள் அம்மா.

தபாலில் படித்தால் அடுத்து மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்பது எனக்கா தெரியாது? கல்லூரிக்குப் போயே தீருவது என்று வைராக்கியம் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அந்த மாந்தோப்புக்குப் போனேன். விபத்திலும் வேறு கொடுமைகளிலும் மனசு அடிபட்ட பிள்ளைகள் அங்கே பயம் தெளியக் குதிரைகளோடு பழகுவார்கள். வீட்டிலிருந்து நடந்தே போகலாம், எனக்கு அதுதான் பெரிய வசதி.

அதை நடத்திய அக்கா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். அதிகம் பேச மாட்டாள். எனக்கு ஒரு செவலைக் குதிரையைக் காட்டினாள். கல்யாண ஊர்வலங்களுக்குப் போய்க்கொண்டிருந்த குதிரையாம். காலடியில் ஒரு வேட்டு வெடித்ததிலிருந்து அதற்குச் சத்தமே ஆகாது. நல்ல ஜோடிதான் சேர்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏற வேண்டாம். சும்மா கூட்டிட்டு நட," என்றாள்.

எங்கள் வீட்டில் ஆடு வளர்த்தோம். கயிறு கைக்கு வந்தால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குவதுதான் பழக்கம். இல்லாவிட்டால் ஆடு அடுத்தவர் வயலில் நிற்கும், சண்டை நம் வாசலில் நிற்கும். அப்படியே சுற்றினேன். குதிரை நகரவில்லை. இழுத்தேன். காதைப் பின்னால் மடித்துக்கொண்டு முளையடித்த மாதிரி நின்றது.

"கயித்தைக் கையில சுத்தாத. அது மிரண்டு ஓடுனா உன்னையும் இழுத்துட்டுப் போயிரும். நீ இறுக்குனா அதுக்கும் பயம் வந்துரும்."

"லூசா விட்டா ஓடிராதாக்கா?"

"ஓடுனா ஓடட்டும். தோப்புக்கு வேலி இருக்குல்ல."

சொல்வது சுலபம். மறுபடியும் சுற்றினேன், அதற்கு மறுநாளும் சுற்றினேன். தொட்டில் பழக்கம் லேசில் போகுமா? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, குதிரை மேல் இல்லை, என் விரல்கள் மேல். ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. ஒருநாள் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நடந்தேன். குதிரை பின்னாலேயே வந்து என் தோளில் மூச்சு விட்டது. சிநேகிதி நினைப்பு வந்து அழுதேன்.

சில வாரங்கள் கழித்து, "இன்னைக்கு ரோட்டோர வேலி வரைக்கும் போவோம்," என்றாள். குதிரைக்கு மாட்டிய இன்னொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் கூடவே வந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்தது. ஹாரன் அலறியது. குதிரை தலையைத் தூக்கியது. குனிந்து பார்த்தால் கையில் கயிறு சுற்றியிருக்கிறது, எப்போது சுற்றினேனோ! ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தேன். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. குதிரை நின்ற இடத்திலேயே நின்றது. நானும் நின்றேன்.

"நாளைக்கு பஸ்ஸு ஏறப் போறேங்க்கா," என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

காலையில் அம்மா நிறுத்தம் வரைக்கும் வந்தாள். பஸ் வந்தபோது பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கம்பியைப் பிடித்து ஒரு படி ஏறினேன். அதற்கு மேல் போக முடியவில்லை. என் பயம்தான் இழுக்கிறது என்று நினைத்துத் திரும்பினேன். என் துப்பட்டா நுனியை அம்மா தன் கையில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"சுத்தாதம்மா," என்றேன். "சாயங்காலம் வந்துருவேன்."

அம்மா ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். நான் ஏறினேன்.