எலிக்காரருக்கு ஏற்றிய பாஷாணம்

ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. எலிக்காரர் என்றால் போதும். கடையோ, கிடங்கோ, பள்ளிக்கூடமோ, எங்கே எலி தலையெடுத்தாலும் அவருக்குத்தான் ஆள் போகும். வருவார், மருந்து வைப்பார், "யாரும் கிட்ட போகாதீங்க" என்பார், கிளம்பிவிடுவார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியாது.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனவரை அப்படியே படுக்க வைத்துவிட்டார்கள். இந்த வகைக்கு நல்ல மருந்து இருக்கிறது, தினமும் நரம்பில் ஏற்றுவோம், பெயர் ஆர்சனிக் என்றார் டாக்டரம்மா.

"பாஷாணமா?" என்றார் எலிக்காரர். தொழிலுக்கு வந்த புதிதில் எலிக்கு அவர் வைத்ததும் அதுதான்.

"அதேதான். அளவு மட்டும் வேற."

"அளவு தப்பினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் டாக்டர்."

"எனக்கும் தெரியும்."

பேச்சு முடிந்தது. எலிக்காரர் சம்மதித்தார்.

மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ உடனே சொல்ல வேண்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். தலையாட்டினார்.

சில நாளில் மூச்சு வாங்கியது. சொன்னாரா? அதுதான் இல்லை! மருந்து தின்ற எலிக்கு மூச்சு வாங்கினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அப்போது குறுக்கே போகக்கூடாது. உள்ளே நோய்க்குத்தான் மூச்சு முட்டுகிறது என்று முடிவுகட்டி, பாவி மனுஷன், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்சம் சந்தோஷம்கூட.

மனைவி அவருக்குச் செருப்பு மாட்டிவிடப் போனாள். கால் நுழையவில்லை. நிமிர்ந்து பார்த்தால் உதடு கறுத்துக் கிடந்தது. அவள் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. பாஷாணத்தை நிறுத்தி, ஆக்சிஜன் வைத்து, வேறு ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்றார் டாக்டரம்மா.

மூச்சு சீரானதும் தன் எலிக் கணக்கை மனைவியிடம் சொன்னார்.

"எலிக்குத்தான் வாய் இல்ல. உங்களுக்கு என்ன கேடு?" என்றவள், "நீங்க போயிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?" என்று உடைந்து அழுதாள். அவள் அழுது அவர் பார்த்ததே இல்லை. பயந்துபோனார்.

மருந்தை மறுபடி ஏற்றத் தொடங்கிய அன்று, எப்படி இருக்கிறீர்கள் என்று நர்ஸ் கேட்டாள்.

"இடது கால் கட்டைவிரல் அரிக்குது" என்றார். மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வலது காதுலயும் லேசா" என்றார்.

ரத்தத்தில் நோய் இல்லை என்று டாக்டரம்மா வந்து சொன்ன நாளிலும், அவர் முதலில் முதுகு அரிப்பைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அழுதார்.