'ம்' பதில் இல்லை

அக்காவுக்கு உட்கார்ந்தே செய்கிற வேலை. ஆனால் அவளை உட்கார வைக்க யாராலும் முடிந்ததில்லை. பல நாடுகளில் கிளைகள் உள்ள நிவாரண அமைப்பின் எங்கள் ஊர் அலுவலகத்தில் அவள்தான் வயர்லெஸ் பார்க்கிறாள். முன்பு பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தவள். வெள்ளமோ சண்டையோ, மாவும் மருந்தும் ஏற்றிப் போகிற லாரிகள் அவள் குரலைக் கேட்டுத்தான் நகரும். தப்பித்தவறி உட்கார்ந்தாலும் கால் மேசைக்குக் கீழே தையல் மிஷின் மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கிடங்கில் மூட்டை கட்டுகிற எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

லாரி ஓட்டுகிறவர்களில் ஒருவர் அத்தான், அவள் புருஷன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். எதற்கும் "ம்"தான். ஒவ்வொரு லாரியிலும் கையில் எடுத்துப் போகிற மாதிரி ஒரு வயர்லெஸ் உண்டு; அதில் இந்த "ம்" செல்லாது. பெயர் சொல்லக் கூடாது, உறவு சொல்லக் கூடாது, வண்டி எண்தான். கேட்டதற்கு "புரிந்தது" என்று முழுசாகச் சொல்ல வேண்டும்.

"ஏழு, 'ம்' பதில் இல்லை" என்று எல்லார் காதிலும் விழ அக்கா அவரைத் திருத்துவாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி "ம்" என்பார். மற்ற டிரைவர்களுக்கு அன்றைக்குச் சிரிக்க அது போதும்.

அன்று காலை இருவருக்கும் சண்டை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டாராம். இதற்குப் போய் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறாள். அவர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

மதியம் மலைப் பக்கம் அணையைத் திறந்துவிட்டார்கள். வண்டி ஏழு மேட்டுச் சாலையில், பதினொன்று ஆற்றோரச் சாலையில். இரண்டிலிருந்தும் பேச்சு மூச்சு இல்லை. கிடங்கிலிருந்து நானும் வந்து அவள் பக்கத்தில் நின்றேன். அக்கா ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அவளுடைய டீ ஏடு கட்டிக் கிடந்தது.

கடைசியில் கரகரவென்று ஒரு குரல் வந்தது. "ஏழு. முகாமுக்கு வந்து சேர்ந்தாச்சு."

"ஏழு, சரக்கை இறக்கிட்டு அங்கேயே இருங்க."

"புரிந்தது."

நான் கைதட்டினேன். அக்கா முகம் வெளுத்துவிட்டது.

"அவர் இல்லடி."

"ஏழுன்னுதானேக்கா சொன்னாங்க?"

"'புரிந்தது'ன்னு சொல்றாங்களே. அவரு இந்த ஜென்மத்துல சொல்ல மாட்டாரு." பொத்தானை அழுத்தினாள். "ஏழு, ஓட்டுறது யாரு?"

"நான்தாம்மா, பதினொன்னு ஓட்டுறவன். காலையில வண்டி மாத்திக்கிட்டோம். எனக்கு இடுப்பு வலி, என் வண்டிச் சீட்டு பிஞ்சு கிடக்கு. உங்க வீட்டுக்காரர்தான் பாவம் பார்த்து சாவியைக் கையில திணிச்சாரு."

எண் லாரிக்குத்தானே, ஆளுக்கு இல்லையே. அதனால் யாரும் சொல்லத் தோன்றாமல் விட்டிருக்கிறார்கள்.

அக்கா பதினொன்றைக் கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். இரைச்சல்தான் வந்தது. பஸ் நிலையத்தையே அடக்கிய குரல் உடைந்துகொண்டே போனது.

"கொஞ்சம் உட்காரேன்க்கா."

"உட்கார்ந்தா அவரு வந்துடுவாரா?"

சட்டென்று மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க" என்றாள். "என்னங்க, கேக்குதா?"

எந்த வண்டியிலிருந்தோ ஒரு டிரைவர் பதறிப்போய், "சொல்லும்மா, வீட்ல என்ன ஆச்சு?" என்றார். இன்னொருவரும் "நானா?" என்றார். லாரி ஓட்டுகிற அத்தனை பேருக்கும் வீட்டில் அதுதானே பெயர்.

"நீங்க இல்ல. சும்மா இருங்க" என்று அக்கா சீறினாள்.

எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த அமைதியில், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே மெதுவாக வந்தது.

"ம்."

அக்கா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. ஆனாலும் அறிவிப்புக் குரலில்தான் கேட்டாள்.

"பதினொன்று, 'ம்' பதில் இல்லை. எங்க இருக்கீங்க, எப்படி இருக்கீங்க, முழுசா சொல்லுங்க."

"ஆத்தோரப் பள்ளிக்கூடத்து மாடியில. வண்டி முழுகிடுச்சு." கொஞ்சம் யோசித்தார். "பசிக்குது."

"வாங்க, சாப்பிடலாம்" என்றாள் அக்கா. படகு அனுப்பச் சொல்லி நான் ஓடினேன்.