சந்தனம் இறங்கிய பட்டன்

இரண்டு வருடம் முன்பு, சிதம்பரத்தில் ஒரு கல்லூரி வாசலில் நடந்தது இது. கடலூரிலிருந்து மகளைத் தேர்வுக்கு அழைத்துப் போயிருந்தேன். எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங்கில் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே அரியர். தேறினால் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு வேலை காத்திருந்தது. தேறாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

முதல் நாள் சாயங்காலம் அவளுடைய கால்குலேட்டரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பூஜை செய்திருந்தேன். ஆயுத பூஜைக்கு வண்டி, மிக்ஸி எல்லாவற்றுக்கும் வைப்பதுபோல அதற்கும் நடுவில் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன். காலையில் துடைத்து உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

வாசலில் நின்று கடைசியாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தவளுக்கு முகம் மாறிவிட்டது. ஒரு பட்டன் அழுந்தவே இல்லை. மின்சாரக் கணக்குகளில் ‘ஜே’ என்று ஓர் எழுத்து வருமாம், கால்குலேட்டரில் அதற்கான ‘ஐ’ பட்டன். அது இல்லாமல் பாதிக் கணக்கு நகராதாம். உள்ளே சந்தனம் இறங்கிக் காய்ந்திருந்தது. ஊக்கு முனையால் சுரண்டினேன், வரவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “வுடும்மா, எனக்காகத்தான வெச்ச” என்றாள்.

பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் சுவரில் சாய்ந்து அவசர அவசரமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே பேப்பர். விஷயம் காதில் விழுந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வந்து கையை நீட்டினாள்.

“சந்தனமா? என் கால்குலேட்டர் டீயே குடிச்சிது. அதுலதான் போன தடவ ஊத்திக்கிச்சு. இங்க பாரு, ஜே வர்ற எடத்துல நம்பருக்கு அப்புறம் இந்தக் கோணக் குறி போட்டு, தொண்ணூறு போடு. டிகிரில இருக்கான்னு மட்டும் பாத்துக்க.”

மகள் போட்டுப் பார்த்தாள். புத்தகத்தில் இருந்த விடையே வந்தது. அந்தப் பெண் அதோடு விடவில்லை. இன்னொரு கணக்கு கொடுத்தாள், கழித்தல் வந்தால் எப்படி என்று காட்டினாள், மகளின் கை பழகும்வரை கூடவே நின்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. உன் படிப்பு கெட்டுப்போச்சேம்மா என்றேன்.

“இனிமே படிச்சி இன்னா கிழிக்கப்போறேன் ஆன்ட்டி” என்று சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.

மகள் தேறினாள், இப்போது வேலைக்கும் போகிறாள். தேர்வு முடிந்த கூட்டத்தில் அந்தப் பெண்ணை எவ்வளவோ தேடினோம், காணவில்லை. பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போனால் குருக்கள் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் கேட்கிறார். மகளுடையதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கி நிற்கிறேன். தனக்கே போதாத நேரத்தை என் பிள்ளைக்குக் கொடுத்தவளுக்குச் சொல்ல என்னிடம் பேர் இல்லை. அவளும் அன்றைக்குத் தேறியிருக்க வேண்டும் ஈஸ்வரா என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.