மார்கழிக் கடலுக்கு வாங்கிய உடை

போன மார்கழிக் கடைசியில், புதுச்சேரிப் பக்கம் ஒரு கடற்கரையில் நடந்தது இது. எங்களுக்குத் திண்டிவனம். துணிக்கடையில் வேலை எனக்கு; காலையில் போய் நின்றால் கடை சாத்தும் வரை உட்கார முடியாது. ஒரே மகள், விழுப்புரத்தில் கல்லூரி படிக்கிறாள். சின்ன வயதில் அவளுக்கு வீசிங் அதிகம். மூச்சு இழுக்கும் பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு எத்தனையோ இரவுகள் விழித்திருக்கிறேன். அந்த அசதி இன்னும் என் உடம்பை விட்டுப் போகவில்லை.

தோழிகளோடு போய், கடலில் பலகைமேல் நின்று அலையில் சறுக்கும் சர்ஃபிங், அந்த அலைச்சறுக்கைக் கற்றுக்கொண்டு வந்தாள். சண்டை போடத் தெம்பில்லாமல் விட்டுவிட்டேன். ஆனால் முதல் போட்டி மார்கழியில் என்றாள். மார்கழியில் எங்கள் வீட்டில் வெந்நீர் இல்லாமல் முகம்கூடக் கழுவ விடமாட்டேன். குளிர் தாங்கும் ரப்பர் உடை, வெட் சூட் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, விற்கிற கடைக்கு போன் போட்டேன்.

“எந்த மாசம் எறங்குவாங்க, தண்ணி எவ்ளோ ஜில்லுன்னு இருக்கும்?” என்று கேட்டார்கள்.

எனக்குத் தெரிந்த தண்ணீர் எங்கள் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர்தான். விடியற்காலையில் அதில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். அந்த நினைப்பில், “மார்கழிங்க, ஐஸ் மாதிரி இருக்கும்” என்றேன். அப்படியானால் தடிமனானதுதான் சரி என்று, குளிர் நாட்டுக் கடலுக்குப் போடுகிற உடையை அனுப்பிவிட்டார்கள்.

மகள் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். “அம்மா, மார்கழியிலயும் நம்ம கடல் வெதுவெதுன்னுதான் இருக்குது. எல்லாரும் மெலிசா ஒரு பனியன் போட்டுக்கினுதான் எறங்குறாங்க.”

“இத்த போட்டுக்கினு போறதுன்னா போ. இல்லன்னா வூட்லயே கெட” என்றேன். அவளும் என்ன செய்வாள், போட்டுக்கொள்கிறேன் என்றாள்.

போட்டியன்று முதல் பஸ்ஸில் நான் மஃப்ளர் சுற்றிக்கொண்டு அவளோடு போனேன். ஆனால் அவள் முறை வருவதற்குள் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. கறுப்பு ரப்பருக்குள் முகம் சிவந்து நின்றாள். கழற்றினால் நான் கத்துவேன் என்று அப்படியே நின்றிருக்கிறாள். கடலில் இறங்கியவள் கொஞ்ச நேரத்திலேயே பலகைமேல் கவிழ்ந்து படுத்துவிட்டாள். அலைக்குக் காத்திருக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அதே சுற்றில் போட்டியிட்ட ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும், வந்த நல்ல அலையை விட்டுவிட்டு இவளிடம் திரும்பினாள். கரையில் நின்ற உயிர்காப்பாளர் போய்ச் சேரும் முன்பே இவளைப் பலகையோடு தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தாள். எனக்கு அந்த இழுப்புச் சத்தம் கேட்டது. பத்து வருஷத்துக்கு முந்தைய அதே சத்தம்.

“ஆன்ட்டி, ஜல்தியா வாங்க, ஜிப்பை இறக்கணும். கழுத்தும் நெஞ்சும் இறுக்கிக்கினு கிடக்குது” என்றாள் அந்தப் பெண். நனைந்த ரப்பர் தோலோடு ஒட்டிக்கிடந்தது. ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக் கழற்றினோம். இன்றுவரை என் பையில் வைத்திருக்கும் இன்ஹேலரைக் கொடுத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, நிழலில் உட்காரவைத்தோம். மெல்ல மெல்ல மகளுக்கு மூச்சு சீரானது. அப்போதுதான் சுற்று முடிந்ததற்கான சங்கு ஊதினார்கள்.

“உன் போட்டி என்னாச்சும்மா?” என்று கேட்டேன்.

“முடிஞ்சிபோச்சு ஆன்ட்டி. பரவால்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.” சிரித்துக்கொண்டு சொன்னாலும் அவள் கண் கடலைத்தான் பார்த்தது. அதற்குள் யாரோ கூப்பிட, பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பேரைக்கூடக் கேட்கவில்லை நான்.

உடையில் ஒட்டிய மணலை அலச நான் தண்ணீரில் கால் வைத்தேன். மகள் சொன்ன மாதிரியே வெதுவெதுப்பாக இருந்தது. அங்கேயே நின்று அழுதேன்.

மகள் இன்றும் கடலுக்குப் போகிறாள், மெல்லிய பனியனோடு. எனக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். என் பயத்தைப் பிள்ளை உடம்பில் மாட்டிவிட்டேன், அதைக் கழற்ற யார் பெற்ற பிள்ளையோ தன் போட்டியை விட்டுக்கொடுத்தாள்; அதனால் இப்போதெல்லாம் அந்தப் பயத்தை நானே சுமந்துகொண்டு, பேசாமல் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வருகிறேன்.