எடுத்து வைத்த மூட்டை

தசமபாகம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் நான் சொல்லாத வாரம் இல்லை. விளைச்சலில் பத்தில் ஒன்று கர்த்தருக்கு, மிச்சம் ஒன்பதும் அவர் நமக்குத் தந்தது. இதையே சொல்லிச் சொல்லி பதினெட்டு வருடத்தை ஓட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் கவுஞ்சிப் பக்கத்துக் குடியானவர், பூண்டு போடுகிறவர், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர். நான் கொடைக்கானல் டவுனில், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகும் வீட்டில் பிறந்தவள். விரும்பிக் கட்டிக்கொண்டோம். உன் கோயிலுக்கு நீ போ, என் கோயிலுக்கு நான் போகிறேன் என்பதுதான் பேச்சு. அந்தப் பேச்சை மீறிக்கொண்டே இருந்தவள் நான். என் வாய் அப்படி.

தையல் மிஷினில் நான் சம்பாதிப்பதில் பத்தில் ஒன்றை மாதாமாதம் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவேன். நிலத்து விளைச்சலில் கை வைக்க எனக்கு மனம் வராது. அது அவர் வியர்வை. அவராக, மனசாரக் கொடுக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் பூண்டு வியாபாரியின் லாரி வந்து நின்றது. அறுப்பின் பண்டிகை என்றால் அவரவர் நிலத்தில் விளைந்ததை ஆலயத்துக்குக் கொண்டுபோய்ப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்து அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். லாரியைப் பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது. மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

“எல்லாத்தையும் அள்ளிட்டுப் போறதுக்குள்ள எடுத்து வச்சீங்களா?”

“பத்துல ஒண்ணு எடுத்து வச்சாச்சு. வெள்ளத் துணி கட்டிப் பரண்ல கெடக்கு” என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பத்தில் ஒன்று என்கிறார், எடுத்து வைத்தாச்சு என்கிறார், அதுவும் வெள்ளைத் துணி கட்டி! மறுபடி விசாரித்தால் கூச்சப்பட்டு மனசு மாறிவிடுவாரோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். மூட வேண்டாத நேரத்தில் பார்த்துத்தான் எனக்கு வாய் மூடும்.

ஞாயிறு வெள்ளனே அவர் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டு மூட்டையைப் பரணிலிருந்து இறக்கினேன். மினிபஸ் கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றிவிட்டார். ஆலயத்தில் மூட்டையை முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் வந்து உட்கார்ந்திருக்கலாம். ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்கிறவர்கள் சொல்லலாம் என்று போதகர் சொன்னதும் முதல் ஆளாக எழுந்தேன். ஆலயப் படி மிதிக்காத என் வீட்டுக்காரர் யாரும் கேட்காமல் தன் கையாலேயே தசமபாகம் எடுத்து வைத்தார் என்று தழுதழுத்துச் சொன்னேன். முன் வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஏலத்தில், ஓய்வுபெற்ற பிறகு ஊறுகாய் போட்டு விற்கும் டீச்சர் ஒருவர் அந்த மூட்டையை எடுத்தார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் பரணை அண்ணாந்து பார்த்துவிட்டு மூட்டை எங்கே என்று கேட்டார். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

“அது விதப்பூண்டும்மா.”

அப்புறம்தான் ஒவ்வொன்றாக விளங்கியது. அவர்கள் வீட்டில் பத்து மூட்டையில் ஒன்று விதைக்கு. அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். எலி கடிக்காமல் அடுப்புப் புகை படும் பரணில் போடுவார்கள். அதற்கு முந்தின வருடம்வரை அது மாமியார் வீட்டுப் பரணில் கிடந்ததால் என் கண்ணில் பட்டதில்லை. யாரும் தெரியாமல் எடுத்து விற்றுவிடக் கூடாதென்று வெள்ளைத் துணி கட்டுவார்கள். அதற்குப் பெயரே எடுத்து வைக்கிறதுதான். லாரி போவதற்குள் விதைக்கு எடுத்து வைத்தாச்சா என்று நான் கேட்டதாக அவர் நினைத்திருக்கிறார். பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த இரண்டு சொல் எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

ஐப்பசி நடவுக்கு ஒரு மாதம்கூட இல்லை. இந்த மலைப்பூண்டு விதை கீழே சந்தையில் கிடைக்காது. கீழ்நாட்டுப் பூண்டை நட்டால் எங்கள் குளிருக்கு வராது. ஊரில் அவனவன் தன் அளவுக்குத்தான் வைத்திருப்பான். வயிறு காய்ந்தாலும் குடியானவன் விதையில் கை வைக்கமாட்டான் என்பார்கள், நான் மூட்டையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அவர் திட்டவில்லை. சாப்பிடவும் இல்லை. திட்டித் தொலைத்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி அழுதிருப்பேன்.

திங்கள் காலை முதல் பஸ்ஸில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். மூட்டை கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் மூட்டையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். ஆலயத்தில் தான் கொடுத்தது தன் காணிக்கையாகவே இருக்கட்டும் என்றார். ஆண்டவரே, ஆண்டவரே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்காரர் மேட்டு நிலத்தில் நின்றார். “என்னங்க, கெடைச்சிருச்சு” என்று கத்தினேன். முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். கிட்டே வந்து எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். சாட்சி சொன்னதையும் சொல்லிவிட்டேன். மூட்டையைத் தொடப்போன கை நின்றுவிட்டது.

“நான் குடுத்தேன்னா சொன்ன?”

“உங்களச் சொல்லித்தான் சொன்னேன்.”

“அப்பக் குடுத்தது நான்தான. பழனி உண்டியல்ல போட்டத எவனாவது திருப்பிக் கேப்பானா? வெரசாக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா.”

நான் விடவில்லை. தெரியாமல் கொடுத்தது காணிக்கையே ஆகாது, மனசில்லாமல் கொடுப்பதை ஆண்டவர் ஏற்கமாட்டார், அவருக்கு நம் பூண்டு வந்துதான் நிறைய வேண்டுமா என்று அடுக்கிக்கொண்டே போனேன். பதினெட்டு வருடமாகக் கொடு கொடு என்று ஓதியவள், கொடுக்காமல் இருப்பதற்கு இத்தனை காரணத்தை எங்கே வைத்திருந்தேனோ தெரியவில்லை.

அவர் மண்வெட்டியை எடுத்தார். “மனசு இல்லன்னு யாரு சொன்னா?” என்று கேட்டுவிட்டு வரப்போரமாக நடந்து போனார்.

மூட்டையோடு நின்ற என் நிலையை என்னவென்று சொல்வது? வீட்டுக்குள் கொண்டுபோக முடியவில்லை. டீச்சருக்குப் போன் பண்ணினால், திருப்பித் தந்ததை வாங்கமாட்டேன் என்றார். போதகர், ஒருமுறை ஏலம் போனதை மறுபடி ஏலம் விட முடியாதே என்று தலையைச் சொறிந்தார். கடைசியில் ஆலயத்துப் பிள்ளைகள் விடுதிச் சமையலுக்கு அனுப்பச் சொன்னார். அப்பா காலத்து விதை அங்கே குழம்பில் வெந்தது. எங்கள் மேட்டு நிலத்தில் அந்த ஐப்பசிக்குப் பட்டாணிதான் போட்டோம். தைப்பூசம் வந்ததும் அவர் வழக்கம்போலப் பழனிக்கு நடந்து போய்விட்டு வந்தார். அவர் கொடுத்தது என் ஆண்டவருக்கா, தன் சாமிக்கா, ஊர் நடுவே என் வாய்ச்சொல் பொய்யாகிவிடக் கூடாது என்று எனக்கா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூட்டை விடுதிக்குப் போன அந்த வாரம் முழுக்க எனக்குத் தலை சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது பொய், அன்றைக்கு அவர் எதையும் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை அவர் கொடுத்துவிட்டார், அப்போது என் பொய் நிஜமாகிவிட்டதா? சொன்னதைத் திருத்திச் சொல்வதா, அப்படியே விடுவதா? திருத்தினால் அவர் கொடுத்ததை இல்லை என்று சொன்னதாகும். விட்டால் என் தப்பை மறைத்ததாகும்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் மறுபடி எழுந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எழுந்து நிற்கும்வரை தெரியாது.

“போன வாரம் என் வீட்டுக்காரர் காணிக்கை குடுத்தார்னு சொன்னேன். அது நெசம். நடுவுல அதத் திரும்ப வாங்கிட்டுப் போனது நான்.”

போதகர் ஆமென் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உட்கார வேண்டும் என்று தெரிந்தும் நான் நின்றுகொண்டே இருந்தேன்.