கடைசி இடத்துக்கு ஒரு போட்டி

ஒவ்வொரு ஐஸ் ஸ்கேட்டின் பிளேடையும் சாணை பிடித்ததும் கட்டைவிரல் நகத்தை அதன் விளிம்பில் மெல்ல இழுத்துப் பார்ப்பார். நகத்திலிருந்து வெள்ளைத் தூள் சீவிக்கொண்டு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் மறுபடி சாணைச் சக்கரத்தில் வைப்பார். அவருடைய இடது கட்டைவிரல் நகம் எலி கொறித்த பென்சில் போல இருக்கும்.

ஐஸ் ஹாக்கி அணி ஒன்றுக்குச் சாணைக்காரர் அவர். லீகில் கடைசி இடம் அந்த அணிக்குச் சொந்த வீடு மாதிரி. நல்ல ஆட்டக்காரன் எவன் தலையெடுத்தாலும் பணக்கார அணி அள்ளிக்கொண்டு போய்விடும். கோப்பையும் பின்னாலேயே போகும்.

வீட்டில் டிவியில் வெளிநாட்டு லீகுகளைப் பார்ப்பார். ஒன்றில் வருஷா வருஷம் அதே அணிதான். இன்னொன்றில் சம்பளத்துக்கு உச்சவரம்பு. புதிய ஆட்டக்காரர்களில் முதல் ஆளை எடுக்கும் உரிமை கடைசியில் வந்த அணிக்கு. அங்கே கோப்பை ஊர் ஊராகச் சுற்றியது.

"லீக்னா இது!" என்பார்.

"சாணை பிடிக்கிறது நீங்க, வெட்டுறது பணக்காரன். விடுங்க மாமா" என்பான் மச்சினன்.

விடவில்லை. மேனேஜரை நச்சரித்து நச்சரித்து, அந்த முதல் தேர்வுச் சட்டத்தை லீக் கூட்டத்தில் பேச வைத்தார். சட்டமும் வந்தது.

அந்த சீசனின் கடைசி ஆட்டம். அவருடைய அணிக்கும், அடிமட்டத்தில் அதே புள்ளிகளோடு இருந்த இன்னொரு அணிக்கும். தோற்கிற அணி கடைசி. லீக் முழுக்க நாக்கைத் தொங்கப் போட்டுக் காத்திருந்த ஒரு புது ஆட்டக்காரன் அதற்கு.

மேனேஜர் சாணை அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"இன்னைக்குச் சக்கரத்துக்கு லீவு விடுங்களேன்."

"ஏன் சார்?"

"ஏனா? நீங்க கேட்ட சட்டம்தானே? தோத்தா அவன் நமக்கு."

"எல்லாரும் ஜெயிக்கணும்னு கேட்டேன் சார். தோக்கிறதுக்குப் போட்டி போடவா கேட்டேன்?"

"அடுத்த வருஷம் ஜெயிச்சுக்கலாம். பசங்களுக்குத் தெரிய வேண்டாம்."

சாணைக்காரருக்கும் அந்த ஆட்டக்காரன் மேல் ஆசைதான். முதல் ஜோடியைச் சாணை பிடிக்காமலே ஒதுக்கி வைத்தார். கை சும்மா இருக்கவில்லை; நகத்தை இழுத்துப் பார்த்தது. வழுக்கியது. "சே!" என்று சக்கரத்தைப் போட்டார். ஒரு ஜோடி விடாமல் தீட்டினார்.

ஜெயித்துவிட்டார்கள். பசங்கள் ஒருவன் மேல் ஒருவன் விழுந்து கட்டிப் புரண்டார்கள். மேனேஜர் அவர் பக்கம் திரும்பவேயில்லை. புது ஆட்டக்காரன் எதிரணிக்குப் போனான்.

"வருஷம் பூரா தோத்துட்டு, தோக்க வேண்டிய அன்னைக்குப் பார்த்து ஜெயிச்சிருக்கீங்களே மாமா!"

"வாயை மூடுடா. ஜெயிச்சது ஜெயிச்சதுதான்" என்று டிவியை அணைத்தார். அந்த ஒரு வெற்றிதான் அவரிடம் மிச்சம்.

அடுத்த சீசன் தொடங்கிய பிறகுதான் எதிரணியின் சாணைக்காரர் சொல்லித் தெரிந்தது: அன்றைக்கு அவர்கள் பக்கத்துச் சக்கரம் சுற்றவே இல்லை.