அக்காவின் பாட்டில் நான் அழித்த மூச்சு

அக்கா ஆண்டவரிடம் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருடைய வீட்டில் அவர் குரல் இன்னும் இருக்கிறது. நான் பதிந்து, நானே பிரதி எடுத்து, புத்தாண்டுப் பலகாரத்தோடு கொடுத்தனுப்பிய காஸட் அது. அதைப் பற்றி உங்களுக்கு ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். இதை எழுத ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்.

அக்கா மஞ்சக்குட்டையில் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஒன்பது வயதில் மூட்டெல்லாம் வீங்கி, ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தாராம். எழுந்து நடந்ததும் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பத்தொன்பது, எனக்கு ஆறு. அம்மா ஏற்கெனவே இல்லை. அக்கா ஏற்காட்டில் ஒரு பள்ளியில் தையல் டீச்சராகச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். மாமாவைக் கட்டிக்கொள்ள அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"தம்பியும் எங்கூட வருவானுங்க."

மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டும் மாமா யோசிக்கவே இல்லை. "வரட்டுமுங்க. பதினெட்டுப் பேரை ஏத்தற வண்டியில பத்தொம்பதாவதா ஒருத்தன்" என்றாராம்.

டிசம்பர் வந்தால் எங்கள் வீட்டில் பாட்டுகளுக்கு நாங்களே பெயர் வைத்துக் கூப்பிடுவோம். தொழுவப் பாட்டைக் கேட்டால் எனக்கு இன்றும் அப்பாவின் ஈரக் கம்பளி வாசம் வரும். ராஜாக்கள் பாட்டுக்கு மாமா ஜீப் ஹாரனை அடிப்பார், தாளம் தப்பித் தப்பி. அக்காவின் பாட்டு நட்சத்திரப் பாட்டு. எங்கள் சபைக்கு எப்போதோ வந்துபோன உபதேசியார் ஒருவர் கட்டியது. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அதன் கடைசி அடி மலையேறுவது போல மேலே போய்க்கொண்டே இருக்கும். அதை ஒரே மூச்சில் இழுப்பதற்கு எங்கள் சபையில் அக்காவை விட்டால் ஆள் இல்லை.

நான் சேலத்தில் கல்லூரியில் சேர்ந்த வருடம், பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றை வாங்கிப் பழுது பார்த்து மலைக்குக் கொண்டு வந்தேன். கிறிஸ்துமஸ் மதியம், சாப்பாடு முடிந்ததும், ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, சேவலைக் கூடையில் கவிழ்த்து, மாமாவை வெளியே துரத்திவிட்டு, அக்காவை மைக் முன்னால் நிறுத்தினேன். ஒரே தடவையில் பாடி முடித்தார். கடைசி அடி அறுபடவே இல்லை.

மறு வருடம் கடைசி அடியின் நடுவில் ஒரு மூச்சு விழுந்தது. காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது.

"அக்கா, நடுவுல மூச்சு வாங்கிட்டீங்க. டேப்புல நல்லாக் கேக்குது."

"கேக்கட்டுமே சாமி. செத்தவளா பாடறா?"

"அழிச்சிட்டு மறுபடி எடுக்கலாமுங்க."

"நீ எஞ்சினியர் ஆகறதுக்குள்ள என்னைய ஒரு வழி பண்ணிருவ" என்று சிரித்துக்கொண்டே திரும்பப் பாடினார். நான்காம் தடவை சரியாக வந்தது. முதல் மூன்றையும் அழித்தேன்.

மூன்றாம் வருடம் அக்கா தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துதான் பாடினார். ஏழு தடவை எடுத்தும் அந்த அடி வரவில்லை. ஒரு மூச்சு இரண்டானது, இரண்டு மூன்றானது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பனி என்று நினைத்தேன். எட்டாம் தடவை நான் தந்திரம் செய்தேன். அவர் மூச்சு வாங்கும் நொடியில் டேப்பை நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனை அமுக்கி, பாட்டு தொடர்ந்ததும் விட்டேன். மூன்று இடத்தில் அப்படிச் செய்தேன். ஒட்டுத் தெரியாமல் வந்துவிட்டது. எனக்கு ஒரே குதூகலம்.

உங்களிடம் இருப்பது அந்தப் பதிவுதான். அப்படி அக்கா பாடவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதவே மாட்டேன். அக்காவுக்கு மேடு ஏறினால் இரைக்கிறது, சேலம் போய் டாக்டரிடம் காட்டலாம் என்று மாமா ஜனவரியிலேயே சொன்னார். அக்கா காஸட்டைப் போட்டுக் காட்டினார். "பாருங்க, எப்படி இழுத்திருக்கறேன். நோவு இருக்கறவளுக்கு இப்படி வருமா?" வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அடுத்த நவம்பரில் அக்காவின் கால்கள் வீங்கின. மூடுபனியில் முன்னால் போகும் வண்டி தெரியாத பாதையில் மாமா ஜீப்பை இறக்கினார். சேலத்தில் டாக்டர் கேட்டார்: "இதய வால்வு சுருங்கியிருக்கு. சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா? ரெண்டு வருசம் முன்னால வந்திருந்தா வழி இருந்தது. மூச்சு வாங்கறதை யாருமே கவனிக்கலையா?"

முதலில் கவனித்தவன் நான்தான். கவனித்து, அழித்தவன். பன்னிரண்டு நாள் கழித்து அக்கா கண் மூடினார்.

போன ஞாயிறு சபையில் பாட்டுப் பயிற்சி. அக்காவின் ஒரே மகள், பதிமூன்று வயதுப் பாப்பா, அம்மாவின் பாட்டைப் பாடினாள். அதே குரல். எல்லோரும் அழுதார்கள். கடைசி அடியின் நடுவில் பாப்பா மூச்சு வாங்கினாள்.

திரும்பி வரும்போது மாமாவிடம் சொன்னேன். "பனி மாப்ள, பனி" என்றார். ஒண்டிக்கடை நிறுத்தத்தில் ஆள் ஏறிய பிறகும் ஜீப்பை எடுக்கவில்லை. பின்னால் ஏறியிருந்தவர்கள், "ஏனுங்க, வண்டி போகுமுங்களா, இங்கயே குடி இருக்கறதுங்களா?" என்று சத்தம் போட்டார்கள். மாமா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "போன மழைக்கு முட்டி வலிக்குதுன்னு ஒரு வாரம் படுத்திருந்தா. வளர்ற புள்ளன்னு விட்டுட்டேன்."

அக்காவின் கடைசி நாட்களில் கஞ்சி கொண்டு வந்த சபைப் பெண்களுக்கும், ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றித் துணை இருந்த தையல் வகுப்பு மாணவிகளுக்கும், குழி வெட்டிய எஸ்டேட் அண்ணன்மாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. உங்கள் கைகளை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

ஒரு உதவி மட்டும் இன்னும் வேண்டும். நினைவுக் கூட்டம் சனிக்கிழமை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் பாப்பாவைச் சேலத்துக்கு, அதே டாக்டரிடம் அழைத்துப் போகிறோம். சனிக்கிழமை அவளைப் பார்த்ததும் உங்களுக்கு அக்காவின் ஞாபகம் வரும், கேட்க ஆசையாக இருக்கும். தயவுசெய்து அவளைப் பாடச் சொல்லாதீர்கள்.